பிளஸ் டூ முடிக்கும் காது கேளாத பிள்ளையைத் தனியாக வாழத் தயார்படுத்துவது: எதை முதலில், எதை அப்புறம்

காது கேளாத பிள்ளை பிளஸ் டூவை நெருங்கினால் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பேச்சுதான்: "எங்கேயாவது ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் போதும்." நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்து வருடத்துக்கும் மேலாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆரம்பத்தில் வேலைக்கு அனுப்பிய பிள்ளைகளில் பலர் மூன்று மாதத்துக்குள் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஒருவர்கூட வேலை தெரியாமல் திரும்பவில்லை. லீவு கேட்கத் தெரியவில்லை, சம்பளச் சீட்டு புரியவில்லை, காய்ச்சல் வந்தபோது யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் வேலை கடைசியில்தான் வரும்.

தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்தால் இரண்டு வருடம் கையில் இருக்கும். ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பிப்பவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும். முதலாவது, பிள்ளைக்கென்று சொந்த போன், சொந்த எண். அப்பா எண்ணைப் பகிர்ந்துகொள்வது இங்கே உதவாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது, ஒரு கோடு போட்ட நோட்டு. தினமும் வெளியே எழுதிக் காட்டிய வாக்கியங்கள் எல்லாம் அதில் சேர வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: வேலைக்குப் போய் குடும்பம் நடத்தும் காது கேளாத ஒரு பெரியவர். உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியின் பழைய மாணவர்களில் தேடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும் என்றால், காது கேளாத ஒரு மனிதர் வாடகை கொடுப்பதையும் மேனேஜரோடு சண்டை போடுவதையும் அந்தப் பிள்ளை ஒருமுறைகூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாம் ஆறு மாதம் சொல்லிக் கொடுப்பதை அந்த அண்ணனோ அக்காவோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சைகையில் சொல்லிவிடுவார்கள்.

1. பிள்ளைக்காகப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள்

இது பிள்ளைக்கான பாடம் என்பதைவிட நமக்கான பாடம். கடைக்காரர் பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்கிறார், பக்கத்தில் நிற்கும் அம்மா பதில் சொல்லிவிடுகிறார். பதினேழு வருடமாக இதுவே நடந்தால், கேள்வி என்பது அம்மாவுக்கு வருவது என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

சின்னதாகத் தொடங்குங்கள். மளிகைக் கடையில் ஒரு பொருள் வாங்க வேண்டும், நீங்கள் எதிர்ப்புறம் நிற்க வேண்டும், கடைக்காரர் உங்களைப் பார்த்தாலும் பிள்ளையைக் கைகாட்டுங்கள். நான் அழைத்துப் போன ஒரு பெண் முதல் நாள் கடை வாசலில் இருபது நிமிடம் நின்றாள். பிறகு போனில் "துவரம் பருப்பு அரை கிலோ" என்று தட்டி நீட்டினாள். கடைக்காரர் படித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டி "இது வேண்டுமா, அது வேண்டுமா?" என்று இரண்டு மூட்டைகளைத் தொட்டுக் காட்டினார். அவள் விலையை எழுதிக் கேட்டு மலிவானதை வாங்கினாள். அந்த நாளுக்குப் பிறகு அவளோடு வேறு யாரும் கடைக்குப் போகவில்லை.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, பிள்ளை தடுமாறும் முதல் நொடியிலேயே உள்ளே புகுவது. தவறான பொருளோடு வந்தாலும் பரவாயில்லை, திரும்பக் கொண்டுபோய் மாற்றி வருவதும் கற்க வேண்டிய காரியம்தான்.

உதட்டசைவைப் படித்துச் சமாளித்துவிடுவான் என்று நம்பிவிட வேண்டாம். "பணம்", "மணம்" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். காதொலிக் கருவியோ காக்ளியர் இம்பிளான்ட்டோ வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பஸ் நிலையத்திலும் தொழிற்கூடத்திலும் பாதிப் பேச்சு கரைந்துவிடும். "புரியவில்லை, எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். புரியாமலே தலையாட்டுவதுதான் இந்தப் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் மிக ஆபத்தான பழக்கம். நாம் அவசரப்பட்டு அவசரப்பட்டு நாமே கற்றுக்கொடுத்தது அது.

2. எழுதும் தமிழைச் சரிசெய்யுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான், அதனால் அதிக நேரத்தை இங்கே ஒதுக்குங்கள்.

தொழிற்சாலையில் சேர்ந்த ஒரு பையன் வயிற்றுவலி வந்த இரவு சூப்பர்வைசருக்கு அனுப்பிய செய்தி: "நாளை வேலை வேண்டாம். வயிறு வலி." அவர் போனில் முதல் வரியை மட்டும் பார்த்தார், வேலையை விட்டுவிட்டான் என்று நினைத்து வேறொரு ஆளைப் போட்டுவிட்டார். பையன் சொல்ல வந்தது "நாளை வேலைக்கு வர முடியாது, வயிறு வலிக்கிறது." உருபும் வினைமுற்றும் விழுந்துபோனதில் ஒரு வேலையே போனது.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. யார் யாருக்குக் கொடுத்தார், எங்கிருந்து வந்தார் என்பதையெல்லாம் கை நகரும் திசையே காட்டிவிடும், தனியாக "க்கு" வேண்டியதில்லை. கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். காது கேட்கும் பிள்ளைகள் "க்கு", "இல்", "இலிருந்து" என்பதை நாளுக்கு ஆயிரம் முறை கேட்டுத் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். காது கேளாத பிள்ளைக்கு அது கண்ணால் மட்டுமே வர வேண்டும். இதைப் புத்திக் குறைவு என்று எண்ணும் ஆசிரியர்களை இன்றும் பார்க்கிறேன், மனது வலிக்கிறது.

பயிற்சியை இப்படி வையுங்கள். பிள்ளை, வீட்டார், நீங்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் எழுத்து மட்டும்தான், குரல் பதிவுக்கு இடமில்லை. ஒரே சொல்லை நான்கு விதமாகப் பழக்குங்கள்: கடைக்குப் போகிறேன், கடையில் இருக்கிறேன், கடையிலிருந்து வருகிறேன், கடையை மூடிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் நின்றுகொண்டே அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பறையில் எழுதினால் அது பயிற்சித்தாள், கடை வாசலில் எழுதினால் அது செய்தி. தவறாக வந்தால் சிவப்பு மையால் அடிக்கிற மாதிரித் திருத்தாமல், சரியான வாக்கியத்தைப் பதிலாக அனுப்பினால் போதும்.

அப்புறம், கட்டாயம் மனதில் ஏற வேண்டிய பத்துச் செய்திகள்: லீவு கேட்பது, தாமதமாக வருவேன் என்பது, உடம்பு சரியில்லை, சம்பளம் வரவில்லை, இது புரியவில்லை, யாரோ தொந்தரவு செய்கிறார், வழி தவறிவிட்டேன், என் பொருள் காணவில்லை, பணம் தவறாகப் போய்விட்டது, உடனே வாருங்கள். இவற்றைப் போனில் சேமித்து வைத்திருந்தாலும் சேமிப்பைப் பார்க்காமல் எழுதத் தெரிய வேண்டும்.

எழுதுவதைப் போலவே படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். நமக்கு அதை மனதுக்குள் உச்சரித்தால் புரிந்துவிடும். ஒலியே தெரியாத பிள்ளைக்கு அது வெறும் எழுத்துக் குவியல். தமிழ் எழுத்திலேயே தட்டினாலும் "வந்துட்ருக்கேன்", "போய்ட்டு வர்றேன்" என்றுதான் வரும், பாடப் புத்தகத்தில் படித்ததோ "வந்துகொண்டிருக்கிறேன்". ஆகவே பேச்சு வடிவங்களைத் தனிப் பட்டியலாகக் கற்றுக்கொடுங்கள். உடன் வேலை செய்பவர்களிடம் "தமிழ் எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்கவும் பழக்குங்கள்.

அரசுத் தேர்வில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு உண்டு. பள்ளிகள் வழக்கமாக ஆங்கிலத்தை விட்டுவிடும். தேர்ச்சிக்கு அது உதவுகிறது. ஆனால் வேலைக்கான படிவம், கணினி, மருந்துச் சீட்டு எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது பிள்ளை தவிக்கும். விலக்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தன் முகவரி, படிவத்தில் வரும் சொற்கள், நூறு இருநூறு வேலைச் சொற்கள் வரையாவது வேண்டும்.

3. ஆவணங்களை 18 வயதுக்குள் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்

எழுத்துப் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் தொடங்கலாம், அலுவலகம் மாற்றி அலுவலகம் அலைய வேண்டியிருப்பதால் மாதக்கணக்கில் இழுக்கும்.

முதல் வேலை பெயரைச் சரிபார்ப்பது. நம் ஊர் இனிஷியல்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். மதிப்பெண் பட்டியலில் "எஸ். முருகன்" மாதிரி இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும், பான் கார்டில் இன்னொரு விதமாக வரும், மாற்றுத்திறனாளி அட்டையில் எழுத்துப்பிழையே இருக்கும். நான்கையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை மாற்றுங்கள், அதை மாற்றுவதுதான் மிகக் கடினம்.

இரண்டாவது, மருத்துவச் சான்றிதழும், யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும். சின்ன வயதில் வாங்கிய சான்றிதழ் "தற்காலிகம்" என்று இருக்கலாம், செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது எல்லைக்கோடு. கல்லூரிச் சேர்க்கையில் 5 சதவீத ஒதுக்கீடும், அரசு வேலையில் காது கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும் சேர்த்து 1 சதவீதமும் இந்தச் சான்றிதழை வைத்துத்தான்.

மூன்றாவது, ஆதாரோடு இணைந்த போன் எண். பெரும்பாலான வீடுகளில் அப்பா எண்தான் இருக்கும். பிள்ளை திருப்பூரில் இருந்துகொண்டு ஏதாவது விண்ணப்பித்தால் ஓ.டி.பி. ஊரில் வயலில் இருக்கும் அப்பாவுக்குப் போகும், அதை அவர் பேசிச் சொல்லவும் முடியாது. 18 ஆவதற்குள் பிள்ளையின் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். சொந்த எண் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ரிசல்ட் வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிந்து ஓராண்டு ஆனதும், வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிக்கு உதவித்தொகை உண்டு, பிளஸ் டூ தேர்ச்சிக்கு மாதம் 750 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் பதிவு மூப்பு கணக்கில் ஏறும், தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒருமுறை பிள்ளையையே கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குத் தக்க செயலிகளோடு திறன்பேசி தரும் திட்டம் முதல் தொழிற்பயிற்சி வரை அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

4. வங்கியும் பணமும்

பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு மைனர் கணக்காக இருக்கும். 18 முடிந்ததும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் சம்பளம் வரும் நேரத்தில் கணக்கு முடங்கி நிற்கும்.

வங்கியில் "பாதுகாவலரை அழைத்து வா" என்று சொன்னால் பணிவாக மறுக்கலாம். சட்டப் பாதுகாவலரை நியமிக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. காது கேளாமை மட்டும் உள்ளவருக்கு அது பொருந்தாது. 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே கவனிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை இருக்கிறது என்கிறது. இந்த இரண்டு வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துப் பிள்ளையின் கோப்பில் வையுங்கள்.

பிறகு ஏமாற்று. யூ.பி.ஐ. மோசடியில் ஒரே விதியைப் பதியவையுங்கள்: பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை, பின் எண் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பேசினால்தான் பயன்படும், ஆகவே தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்தில் புகார் கொடுக்கும் பக்கத்தைப் போனில் சேமித்து, ஒருமுறை திறந்து காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் வருகிறது. சைகை தெரிந்த ஒருவர் வந்து "நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒரு திட்டம், மூன்று மாதத்தில் இரட்டிப்பு" என்பார். சுற்றி எல்லோரும் வாயால் பேசும் உலகத்தில், தன் மொழியில் பேசுகிறவரைச் சந்தேகப்பட மனம் வராது. நான் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் நான்கு பேர் ஒரு வருட சேமிப்பை இப்படி இழந்தார்கள். "சைகை தெரிந்தவர் எல்லோரும் நல்லவர் இல்லை" என்பதைக் காது கேளாத பெரியவர் ஒருவரே சொல்ல வேண்டும். நாம் சொன்னால் பொறாமை என்று நினைப்பார்கள்.

கூடவே ஒரு மாதத்து வரவு செலவை எழுதவையுங்கள். 500 ரூபாயைக் கையில் கொடுத்து ஒரு வாரம் தாக்குப்பிடிக்கச் சொல்லுங்கள். நான்காம் நாளே தீர்ந்துவிட்டால் அதை நிரப்பாதீர்கள், மூன்று நாள் வீட்டுச் சோறு இருக்கிறது.

5. ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள்

சமையல் தெரியும் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். பக்கத்தில் அம்மா நின்றிருப்பார், விசில் எண்ணுவது அவர்தான். தனியாக விட்டுப் பாருங்கள்.

குக்கருக்குக் கண்ணால் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆவி நேராகப் பீறிட ஆரம்பித்ததும் வெயிட்டைப் போட வேண்டும். வெயிட் முதல்முறை தூக்கி ஆவி விட்டதும் தீயைக் குறைத்து, போனில் அதிர்வு டைமரை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அரிசிக்கு எவ்வளவு நிமிடம், பருப்புக்கு எவ்வளவு என்பதை உங்கள் வீட்டுக் குக்கரில் நீங்களே ஒருமுறை அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். பால் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. தண்ணீர் மோட்டாருக்கும் இதே டைமர்தான், இல்லையென்றால் தொட்டி நிரம்பி வழிந்து மாடி வீட்டுக்காரர் வந்து கத்தும்வரை தெரியாது.

காலையில் எழுவது அடுத்தது. தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரமோ மணிக்கட்டில் அதிரும் கைக்கடிகாரமோ வாங்கிக்கொடுத்து, பிளஸ் டூ படிக்கும்போதே அம்மா எழுப்புவதை நிறுத்துங்கள். கதவு மணிக்கு விளக்கு எரியும் மாதிரி ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் சின்னச் செலவில் செய்துகொடுப்பார். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாகக் காட்டும். அமைதியான அறையில் நன்றாக இருக்கும், சந்தைக்கடையில் பிசகும். அதை மட்டுமே நம்பி ஒரு கையெழுத்தும் போடக் கூடாது.

பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் உறவினர் வீட்டு மாடி அறையிலோ காலியாக இருக்கும் வீட்டிலோ பிள்ளையைத் தனியாக இருக்கவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் நீங்கள் அனுப்பலாம். என் அனுபவத்தில் அந்த வாரம் பிள்ளையைவிட அம்மாவுக்குத்தான் கஷ்டம், அதையும் கடந்தாக வேண்டும்.

6. பயணம்

பஸ்ஸில் ஊர் பெயரைக் கண்டக்டர் கத்துவார், ரயிலில் அறிவிப்பு வரும், இரண்டும் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. போன் வரைபடத்தில் நகரும் புள்ளியைப் பார்க்கவும், இறங்கும் இடத்துக்கு 20 நிமிடம் முன்னதாக அதிர்வு அலாரம் வைக்கவும் பழக்குங்கள். பிளாட்பாரம் மாறினால் கூட்டம் எழுந்து ஓடும், அப்போது பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டிக் கேட்க வேண்டும், கூட்டத்தோடு ஓடக் கூடாது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ரயிலில், கேட்கவும் பேசவும் முழுமையாக முடியாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம். அதற்கு ரயில்வே படிவத்திலேயே மருத்துவரின் சான்று வேண்டும், பழைய சான்றிதழை மட்டும் எடுத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய.

வண்டி ஓட்டும் ஆசை எல்லாப் பையன்களுக்கும் இருக்கும். காது கேளாமை ஓட்டுநர் உரிமத்துக்குத் தடையில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டுவதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு பேசும், நம் பிள்ளை பேச முடியாமல் நிற்கும், காகிதமும் இல்லையென்றால் யார் பக்கம் தீர்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

7. ஆஸ்பத்திரி, போலீஸ், அவசரம்

ஒரு அட்டை தயார் செய்து பர்சில் வையுங்கள். "எனக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டுங்கள்" என்ற வரி பெரிய எழுத்தில் மேலே, ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இரண்டு பேருடைய எண்கள் கீழே. போலீஸ் நிறுத்தும்போது பதில் சொல்லாமல் சட்டென்று பைக்குள் கை விட்டால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். முதலில் காதைத் தொட்டுக் கையசைத்துக் காட்டி, பிறகு மெதுவாக அட்டையை எடுக்க வேண்டும். இதை நடித்துப் பழகுங்கள்.

112 இந்தியா செயலியையும் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியையும் போனில் ஏற்றிவிடுங்கள். அழுத்தினால் இருக்கும் இடம் போய்ச் சேரும், ஆனால் திரும்ப வரும் அழைப்பில் பேச முடியாது. எனவே அதே நொடியில் இரண்டு வீட்டாருக்கும் ஒரு நண்பருக்கும் "உடனே வாருங்கள்" என்ற செய்தியும் இருப்பிடமும் போக வேண்டும்.

டாக்டரிடம் பிள்ளை தனியாகப் போகட்டும். எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டேன் என்று வீட்டிலேயே எழுதி எடுத்துப் போனால் ஐந்து நிமிடத்தில் முடியும். முகக்கவசம் போட்ட டாக்டரின் உதடும் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். மாதவிடாய், உடல் தொந்தரவு பற்றியெல்லாம் அம்மா வழியாகவே போனால் சொல்ல வேண்டியது சொல்லாமலே நின்றுவிடும். உடல் உறுப்புகளுக்கும், விருப்பமில்லாத தொடுதலுக்கும் தெளிவான சைகையும் சொல்லும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெட்கப்பட்டு விடாதீர்கள். காது கேளாதவர் சைகையில் தரும் சாட்சியத்தை நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு வாய்மொழிச் சாட்சியமாகவே ஏற்கும், அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். "நான் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று இருந்துவிடும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

8. மேலே படிப்பதா, தொழில் கற்பதா

பிள்ளையிடம் கேட்பதற்கு முன் பிள்ளைக்குக் காட்டுங்கள். பார்க்காத ஒன்றை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன, அடையாறில் செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள நிஷ் நிறுவனத்தில் கணினி அறிவியல், நுண்கலை, வணிகவியல் பட்டப்படிப்புகள் உண்டு. சைகையில் பாடம் நடக்கும் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாலே பிள்ளையின் முகம் மாறியிருக்கும். பக்கத்து ஊர்ச் சாதாரணக் கல்லூரியில் சேர்த்தால், குறிப்பு எழுதித் தரும் நண்பரும் பாடத்தை எழுத்தில் தரும் ஆசிரியரும் கிடைப்பார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெறுமனே மூன்று வருடம் உட்கார்ந்திருப்பது படிப்பாகாது. அரசுக் கலைக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளும் அடங்கிய சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வுதான் முதலில் நடக்கும், ஆகையால் பொதுக் கலந்தாய்வுத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள்.

தொழில் பக்கம் போவதென்றால் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்தும் வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. தையலும் கணினியும் மட்டும்தான் இவர்களுக்கு என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

9. வேலை, முதல் மூன்று மாதம்

விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே "செவித்திறன் குறைபாடு உள்ளவர், அழைக்க வேண்டாம், வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ தொடர்பு கொள்ளவும்" என்று இருக்கட்டும். இது இல்லாமல் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு நிறுவனத்திலிருந்து மூன்று முறை போன் வந்து, எடுக்கவில்லை என்று பெயரை அடித்துவிட்ட கதை எனக்குத் தெரிந்தே பல. மறைத்து வைத்தால் நேர்காணலில் எப்படியும் தெரியப்போகிறது.

சேரும் முன் சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு பையனுக்கு 12,000 என்று சொல்லிச் சேர்த்தார்கள். கணக்கில் 10,470 வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டு அன்றே கிளம்பி வந்துவிட்டான். பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் 90 ரூபாய், இரண்டையும் கழித்தால் சரியாக அதே தொகைதான். நோட்டில் போட்டுக் காட்டியபோது அவன் அந்தக் கணக்கையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பே காட்டாதது என் தவறு. இப்போது எல்லோருக்கும் ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் நேர்காணலுக்கு அனுப்புகிறேன். இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான மாதச் சம்பள வரம்பு மாற்றுத்திறனாளிக்கு 21,000 இல்லை, 25,000 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேர்ந்த முதல் நாள் நீங்களோ அந்தக் காது கேளாத பெரியவரோ கூடப் போய் மூன்று விஷயங்களை மட்டும் பேசிவிட்டு வாருங்கள். அபாயச் சங்கு ஒலித்தால் இவர் தோளைத் தொட்டுச் சொல்லப்போவது யார்? வேலை மாற்றம், நேர மாற்றம் எல்லாம் எழுத்தில் வருமா? பிரச்சினை என்றால் பிள்ளை எந்த ஒருவருக்கு எழுத வேண்டும்? கூட வேலை செய்பவர்களுக்குப் பத்துச் சைகை கற்றுக்கொடுக்கப் பிள்ளையையே விடுங்கள்: சாப்பாடு, நிறுத்து, ஆபத்து, நன்றி, மெதுவாக. முடிந்தால் ஒரே இடத்தில் இரண்டு காது கேளாதவர்களாகச் சேருங்கள். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் சிரித்துப் பேச, தான் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிடும் தனிமை தாங்காமல் வேலையை விட்டவர்கள் உண்டு. வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்வார்கள்.

இரண்டாம் வாரம் பெரும்பாலும் "வீட்டுக்கு வந்துவிடுகிறேன்" என்று செய்தி வரும். உடனே கிளம்பிப் போகாதீர்கள். "என்ன நடந்தது, எழுது" என்று மட்டும் பதில் அனுப்புங்கள். அடி, மிரட்டல், தவறான தொடுதல், பாதுகாப்பில்லாத இயந்திரம் என்று இருந்தால் அன்றே போய் அழைத்து வாருங்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, யாரோ முறைத்தார் என்றால், பிள்ளை சூப்பர்வைசருக்கு என்ன எழுதப் போகிறது என்று கேளுங்கள். அந்தச் செய்தியைப் பிள்ளையே எழுதட்டும். உங்களுக்கு அனுப்பிக் காட்டினால் உருபை மட்டும் சரிபார்த்துத் திருப்பி அனுப்புங்கள்.